பின்வாசல்படிப் பாசி

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் ஸ்வீட்லின் மண்ணில் வளரும் நீலப்பச்சைப் பாசியை ஆராய்கிறாள். ஒவ்வோர் இடத்துப் பாசியும் உண்டாக்கும் பெப்டைடு என்னும் புரதத் துணுக்குகளின் கலவை வேறு. அந்தக் கலவையைக் கருவி வரைந்து காட்டும்போது, இரண்டு இடத்து வரைபடங்கள் ஒத்துப்போய் அவள் பார்த்ததில்லை.

கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்குமுன், மில் வேலையில் சுண்டுவிரலை இழந்த அப்பாவின் மம்சாபுரம் கல்லறையில் சுரண்டிய பாசியையும் ஆய்வகத்தில் வளர்த்துச் சோதித்தாள். பிறகு விடாத மழையில், இராஜபாளையம் வீட்டுப் பின்வாசல்படியும் பச்சையானது. அதையும் சோதித்தாள். இரண்டு வரைபடங்களும் அப்படியே பொருந்தின.

தன் செருப்பில் ஒட்டி வந்திருக்கும் என்று நினைத்தபடி, மாலையில் படியைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "நல்லாத் தேச்சு விடுட்டி. வழுக்குதுன்னு உங்கப்பா செவுத்தப் புடிச்சுல்லா வாராவ."

ஸ்வீட்லின் நிமிர்ந்தாள். சுவரில், தோள் உயரத்தில், பச்சையாய் ஒரு கைத்தடம். அதில் நான்கு விரல்கள்.