பாரமில்லாத எஞ்சின்

அஸ்கியின் படகு ஆளில்லாமல் பாலமுனைக் கரையில் ஒதுங்கியது. ஆனாலும் அவன் கடலில் இறந்து மௌத்தாகிவிட்டான் என்பதை அவன் மனைவி பஹ்மிதா ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் வந்தா எஞ்சின் வேணும்" என்று, படகிலிருந்து அதைக் கழற்றி முற்றத்தில் வைத்துத் திருத்தச் சொன்னாள்.

மெக்கானிக் முகைதீன்பாவா ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் கரும்புகை கக்கி முனகியது.

"வேகத்தக் கட்டுற கவர்னர்லதான் பிழை புள்ள. பாரம் கூடினா அது டீசலக் கூட்டும். இஞ்ச படகத் தள்ளுற காத்தாடியும் இல்ல, தண்ணியும் இல்ல. சும்மா நிக்கிற எஞ்சினுக்கு இவ்வளவு பசியா?"

ஸ்பிரிங்கை மாற்றினார். பிறகு கவர்னரையே புதிதாகப் போட்டார். அதன் கம்பி மறுபடியும் முழு டீசலுக்குப் போய் நின்று நடுங்கியது.

"எதையோ இழுக்குது" என்றார், குரலைத் தாழ்த்தி.

"ஓம் காக்கா, இழுக்கட்டும். நிப்பாட்டிராதீங்க."

அவள் டீசல் வார்த்துக்கொண்டே இருந்தாள். அஸ்கியின் உம்மாவான மாமி சோற்றுக்குக் கூப்பிட்டும் எழும்பவில்லை.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது கவர்னர் கம்பி சட்டென்று பின்னால் வந்தது. புகை நின்றது. எஞ்சின் லேசாக, ஒரே சீராக ஓடத் தொடங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்! சரி வந்திட்டு புள்ள! நம்மட கைராசியப் பாத்தியா?"

பஹ்மிதா டீசல் கேனைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"மாமி, எஞ்சினுக்கு இனி இழுக்க ஆளில்ல. வெள்ள உடுப்பு எடுத்துத் தாங்க. நான் கைம்பொண்ணா இத்தா இரிக்கப் போறன். பிற ஆம்புள இஞ்ச நிக்கப்படா, மெக்கானிக் காக்காவப் போகச் சொல்லுங்க."