திரையில் இல்லாத கிளை

ஆய்வுக்கூடத்தின் ஊதா விளக்கின் கீழ் தக்காளிச் செடி ஒரு பக்கம் மொட்டையாக நிற்கிறது. நேற்று அங்கே ஒரு பக்கக் கிளை இருந்தது. செடி எப்படி வளரும் என்று முன்கூட்டியே வரைந்து காட்டும் கணினி நிரலை எழுதியவள், அந்த இடத்தையே வெறித்துப் பார்க்கிறாள். வெட்டுவாயில் நீர் கோத்து மினுங்குகிறது. பக்கத்துத் திரையில் அவளுடைய நிரல் வரைந்த செடி நூல் பிடித்தாற்போல் நிமிர்ந்து நிற்கிறது. அதில் அந்தக் கிளை கிடையாது. நிரல் எதிர்பார்க்காத அந்தக் கிளை எப்படி முளைத்தது என்று பார்க்கத்தான் விடிந்தும் விடியாமலும் ஓடி வந்திருக்கிறாள். “நான்தாம்மா வெட்டினேன்,” என்கிறார் துறைத்தலைவர், கத்தரியைக் கைக்குட்டையால் துடைத்தபடி. செடிக்கு முடிவெட்டிவிட்ட திருப்தி அவர் முகத்தில். “இன்னிக்கு ஆய்வைப் பாக்க வர்றவங்க, ரெண்டும் ஏன் ஒண்ணா இல்லன்னு கேட்டா என்ன சொல்றது? இப்பப் பாரு, அச்சு அசலா இருக்கு.” அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறுகிறது. குப்பைத்தொட்டிக்குள் கைவிடுகிறாள். காகிதக் கோப்பைகளுக்கு அடியில் துவண்டு கிடக்கும் கிளையை எடுக்கிறாள். நசுங்கிய இலையின் வாசனை விரலில் ஒட்டிக்கொள்கிறது. அதைத் திரைக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிறாள். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தமும் சிரிப்பும் நெருங்குகின்றன. “ஐயோ, அதை மறைச்சு வைம்மா, மானம் போயிடும்!” திரைச்செடி எதுவுமே நடக்காத மாதிரி இன்னொரு இலை விடுகிறது. கதவு திறக்கிறது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “தப்பு செடி மேல இல்ல சார், நான் எழுதினதுல. வெட்டணும்னா இந்தத் திரையில இருக்கறத வெட்டுங்க.”