ஈர உதடு

பக்கவாதம் வந்து வாய் ஒருபக்கம் கோணியதிலிருந்து தணிகைவேல் கண்ணாடி பார்ப்பதில்லை. பொழுதுபோக்காக வாட்டர்கலரில் வரையும் மனைவி மங்கையின் எதிரே அன்று அவரே வந்து உட்கார்ந்தார்.

"என்னை வரை."

கண், மூக்கு, நரைத்த மீசை எல்லாம் வந்துவிட்டன. வாயருகே தூரிகை நின்றது. இந்த வண்ணத்தில் தவறினால் திருத்துவது கஷ்டம்.

"என்ன யோசிக்கிற? இருக்குறத இருக்குறபடி போடு," என்றார் குழறலாக.

கோணலாகவே போட்டாள்.

"குடு."

வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் காயலைங்க, தொடாதீங்க."

அவர் கேட்கவில்லை. கட்டைவிரலை அந்த ஈர உதட்டின்மேல் வைத்தார். அழிக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்டியாடா?" என்று படத்திடம் கேட்டார்.