பௌசூ தைத்த எட்டுச் சித்தர்கள்

"மலைக்கோயிலுக்குத்தானே கூப்பிடறேன்? ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள் பௌசூ.

மகள் மெய்யுன்னும் அவள் காதலன் ஹாவ்டிங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? அங்கே இருப்பது லூ சித்தர். சீனர்கள் கும்பிடும் எட்டுச் சித்தர்களில் ஒருவர்; அந்த எட்டில் ஒரே பெண்ணான தாமரைக்காரி மேல் ஆசைப்பட்டு ஏமாந்தவர். அந்த வயிற்றெரிச்சலில், ஜோடியாக வரும் காதலர்களைப் பிரித்துவிடுவார். தைபேயில் எந்தக் காதலரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

"சரிம்மா, நாளைக்கே போலாம். காலையில ஒரு சின்ன வேலை இருக்கு, முடிச்சிட்டு வந்துடறோம்" என்றாள் மெய்யுன்.

இவ்வளவு சுலபமாகச் சிக்குவார்கள் என்று பௌசூ நினைக்கவேயில்லை.

ஹாவ்டிங் நல்ல பையன்தான். ஆனால் சந்தையில் நாற்றமடிக்கும் டோஃபு, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி, பொரித்து விற்கிறான். "அவன் வர்றதுக்கு அரை மணி முன்னாடியே அவன் நாத்தம் வந்துடுது! என் பட்டுத்துணியை எவன் வாங்குவான்?" என்று கணவர் அச்செங்கிடம் பொருமினாள்.

பௌசூ தைப்பது எட்டுச் சித்தர் துணி. கல்யாண வீட்டு வாசலுக்கு மேலே தொங்குமே, அந்தச் சிவப்புப் பட்டு. அச்செங் கொண்டுவந்த ஓர் அவசர ஆர்டரை அன்று காலையில்தான் முடித்திருந்தாள்.

"யாரு வீட்டுக்குங்க இது?"

"நம்ம தெருதான். காதல் கல்யாணம்."

"பெத்தவங்க என்ன தூங்கிட்டா இருந்தாங்க? லூ சித்தர்கிட்ட ஒரு நடை கூட்டிட்டுப் போயிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

அச்செங்குக்குத் தேநீர் புரையேறியது.

மறுநாள் மூவரும் மலையேறினார்கள். கோயிலுக்கு ஆயிரத்துச் சொச்சம் படி. "பையைக் குடுங்க ஆன்ட்டி, நான் தூக்கறேன்" என்றான் ஹாவ்டிங். கொடுத்தாள். ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்தி, 'சாமி, இன்னைக்கே வெட்டி விட்டுடு' என்று மனமுருக வேண்டிக்கொண்டாள்.

சித்தர் உடனே வேலையைக் காட்டிவிட்டார். சந்நிதியிலேயே சண்டை!

"எல்லார் முன்னாடியும் பேனாவைக் கீழ போட்டு மானத்தை வாங்கிட்டியே!" என்றாள் மெய்யுன்.

"நீ மட்டும்? சொந்தப் பேரையே தப்பா எழுதினியே!"

பேனா என்ன, பேர் என்ன, ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினால் என்ன, விளங்காவிட்டால் என்ன? பௌசூவுக்குச் சந்தோஷத்தில் முழங்கால் வலிகூட மறந்துபோனது. இறங்கும்போது இன்னொரு பத்தி கொளுத்திவிட்டு வந்தாள்.

வீட்டு வாசலில் அச்செங் ஏணி மேல் நின்றிருந்தார். நிலைக்கு மேலே சிவப்புப் பட்டு ஆடியது. எட்டுப் பேரும் அவள் கைத்தையல். நடுவில் வாளோடு லூ சித்தர்.

"என்னங்க இது? அந்தக் கல்யாண வீட்டுத் துணியை நம்ம வாசல்ல கட்டறீங்க!"

"நம்ம தெருதான்னு சொன்னேனே" என்றார் அச்செங், ஏணியை விட்டு இறங்காமலே.

பின்னாலிருந்து ஹாவ்டிங் பணிவாகச் சொன்னான்: "லூ சித்தர் காதலர்களைத்தான் பிரிப்பாராம். அதான் காலையிலேயே கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டு மலையேறினோம், அத்தை."