ஏழு தடவை ஏலத்துக்குப் போன மிஷின்

"ஏழாவது தடவைப்பா! அம்மாவோட தையல் மிஷினை ஒருத்தரும் ஏலம் கேக்கல. விக்காட்டியும் ஆன்லைன்காரன் பதிவுக் கட்டணம் பிடிக்கிறான். வித்தா பத்துல ஒரு பங்கு வேற! விலையைக் குறைங்க," என்றாள் மகள்.

"பொறும்மா, போகும்."

அப்பா குளிக்கப் போனதும், தானே விலையைக் குறைக்க உட்கார்ந்தாள். மிஷின் படத்துக்குக் கீழே முகம் தெரியாதவர்களின் கேள்விகள்.

'யார் தைச்ச மிஷின்?'

'என் மனைவி. பாடிக்கிட்டே தைப்பா. ஊசி குத்தினா என்னைத்தான் திட்டுவா...'

பதில் நீண்டுகொண்டே போனது, கண்ணுகளா. அம்மா போய் இரண்டு வருஷம். அப்பா அழுதுவிடுவாரோ என்று பயந்து, வீட்டில் யாரும் அவள் பேச்சையே எடுத்ததில்லை.

மகள் விலையை இரண்டு மடங்காக்கினாள். எட்டாவது கட்டணத்தைத் தானே கட்டினாள்.