சாகாத ஆறு எலிகள்

"அந்த ஆறு எலியும் ஏன் சாகல?"

இயக்குநர் கைலாசம் ஜோசுவாவைப் பார்த்துக் கேட்டார்.

"உயிரோட இருக்கிறதும் ஒரு குத்தமா சார்?"

"நக்கலா?"

காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கும் அந்தச் சின்ன மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது ஜோசுவாவின் வேலை. பதினோரு வருடமாக முசரவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து போகிறார்.

ஆறாத புண்களில் குடியேறும் பிடிவாதமான கிருமி ஒன்றுக்கு அங்கே மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் பன்னிரண்டு எலிகளுக்கு அந்தக் கிருமியை ஏற்றினார்கள். ஆறுக்கு வாலில் சிவப்பு மை. அவற்றுக்குப் பழைய மருந்து, எண் நாற்பத்தொன்று. மற்ற ஆறுக்குப் பச்சை மை. புது மருந்து, எண் ஐம்பத்தெட்டு. பழையது உதவாது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் அது. புதியதுதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

பச்சை வால் ஆறும் செத்துக் கிடந்தன. சிவப்பு வால் ஆறும் துள்ளிக்கொண்டிருந்தன.

"ஊசிய மாத்திப் போட்டுட்ட. ஒத்துக்கோ."

"பைபிள் மேல கை வெச்சு சொல்றேன் சார், மாத்தல. எலிங்க ரத்தத்தைக்கூட எடுத்து வெச்சிருக்கேன், சோதிச்சுப் பாருங்க."

"அந்த ரத்தக் குப்பி மேல லேபிள் ஒட்டினதும் நீதானே? நாளைக்குப் பத்து மணிக்குள்ள எனக்குக் காரணம் சொல்லு. இல்லாட்டி எலிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

ஜோசுவா நேராகச் சங்கீதாவிடம் போனார். இரண்டு மருந்தையும் செய்தவள் அவள்தான்.

"மேடம், நீங்களும் என்னை நம்பலையா?"

"நம்பணும்னுதான் பாக்கறேன் அண்ணா. ஆனா இடிக்குதே!"

"என்ன இடிக்குது? எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்க. பழசு ஏன் உதவாது?"

சங்கீதா உடனே ஒரு தாளை இழுத்துப் படம் போட ஆரம்பித்தாள். விளக்கச் சொன்னால் அவளுக்குச் சாப்பாடே வேண்டாம்.

"மருந்து ரத்தத்துல போகுதா? வழியில ஈரல் இருக்குது. வெளியில இருந்து எது வந்தாலும் அது கடிச்சுப் பாக்கும். நாப்பத்தொண்ணுல ஒரு மெல்லிசான இடம் இருக்குது பாருங்க, இங்க. ஈரல் கரெக்டா அங்கதான் கடிக்கும். இருபதே நிமிஷம், ரத்தத்துல மருந்து காணாம போயிடும்."

"சரி, புதுசு?"

"அதே இடத்துல ஒரு புளோரின் அணுவை வெச்சு அடைச்சுட்டேன். ஈரலோட பல்லு இறங்காது. நாள் பூரா மருந்து அப்படியே நிக்கும். மூணு வருஷ உழைப்பு அண்ணா இது."

"ஆக, நின்ன மருந்த வாங்கினது செத்துப் போச்சு, காணாம போன மருந்த வாங்கினது ஓடிக்கினு இருக்குது."

"அதனாலதான் ஊசி மாறிடுச்சுன்றாரு சார்."

"மாறல மேடம்! சும்மா காணாம போச்சு, காணாம போச்சுன்றீங்களே, எங்கதான் போச்சு அது?"

சங்கீதாவின் பேனா நின்றது. தான் போட்ட படத்தையே முறைத்துப் பார்த்தாள்.

"அண்ணா, உயிரோட இருக்கிற ஆறு எலியோட கூண்டுத் தட்டைக் கழுவிட்டீங்களா?"

"எங்க கழுவறது? சார் திட்டறதுலயே நேரம் போச்சு."

"நல்லதாப் போச்சு. அப்படியே கொண்டாங்க."

"மூத்திரமும் புழுக்கையுமா இருக்கும் மேடம்."

"அதுதான் வேணும்."

தட்டோடு மெஷின் அறைக்குள் போனவள் சாயங்காலம்தான் வெளியே வந்தாள். கையில் ஒரு குட்டிக் குப்பி. அடியில் ஒரு சொட்டு திரவம். பேர் எழுதும் இடத்தில் வெறும் கேள்விக்குறி.

கிருமி பூசிய கண்ணாடித் தட்டில் பொட்டு அளவுக்கு மூன்று காகித வட்டங்களை வைத்தாள். முதல் வட்டத்தில் நாற்பத்தொன்று, அடுத்ததில் ஐம்பத்தெட்டு, கடைசியில் கேள்விக்குறி.

"காலையில கிருமி வளர்ந்து தட்டு வெள்ளையா மூடியிருக்கும். அது செத்த இடம் மட்டும் தெளிவா தெரியும்."

"மூணாவது என்ன மேடம்?"

"நான் நெனைக்கிறது தப்பாப் போச்சுன்னா, நாம ரெண்டு பேருமா வேற வேலை தேடலாம். போயிட்டு வாங்க."

மறுநாள் தேர் என்று ஷேர் ஆட்டோ ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. ஜோசுவா ஓட்டமும் நடையுமாக உள்ளே நுழைந்தபோது மணி பத்தாக ஐந்து நிமிடம். தட்டு கைலாசத்தின் மேஜைமேல் இருந்தது.

நாற்பத்தொன்றைச் சுற்றி நூல் மாதிரி ஒரு தெளிவான கோடு. ஐம்பத்தெட்டைச் சுற்றியும் அவ்வளவுதான். மூன்றாவதைச் சுற்றி, வளையல் அகலத்துக்குத் தட்டே துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

கைலாசம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா, இப்படி ஒரு மருந்தை எங்கிட்ட சொல்லாம எப்போ செஞ்ச?"

"முதல்ல ஒண்ணு சார். அண்ணா ஊசிய மாத்தல. தப்பு என்னோடது. ஐயம்பேட்டையில தறிச் சத்தத்துல வளர்ந்தவ நான். இழை அறுந்தா என்ன ஏதுன்னு பாக்காம முடிச்சுப் போடத்தான் கை ஓடும். மூணு வருஷமா அதைத்தான் பண்ணிக்கினு இருந்திருக்கேன்."

"அது இருக்கட்டும். இதை எப்போ செஞ்ச?"

"நான் செய்யல சார், அந்த ஆறு எலிங்க செஞ்சது! நாப்பத்தொண்ணை ஈரல் கடிச்சதும் அறுந்து விழுற துண்டு இது, மருந்தே இதுதான். அம்பத்தெட்டுல நான் கடிக்க விடாம அடைச்சுட்டேன், அதனால இது வரவேயில்ல. இனிமே இந்தத் துண்டையே செஞ்சு நேரா ஊசியில ஏத்தினா போதும்."