மிதி, பிடி, விடு

"கால்ல பலமே இல்லாதவளுக்கு எதுக்குடி ஸ்போர்ட்ஸ் காரு?" என்று மெரிலை ஒருமுறை அவள் கணவன் கிளைவ் கேட்டான்.

அது அவள் அப்பா விட்டுப்போன கார். வேல்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் அவள் அக்கா சாகக் கிடந்தாள். அந்த ஊருக்குப் பேருந்து கிடையாது. கிளைவ் தன் வேனைத் தரமாட்டான். காரிலோ, மிதித்தால் கிளட்ச் பெடல் தொளதொளவென்று தரையைத் தொட்டது, கியர் விழவில்லை.

"கிளட்ச் எண்ணெய்க் குழாய்ல காத்து புகுந்திருக்கு. எடுத்துவிடுறேன்" என்று ஞாயிறுதோறும் கிளைவ் காருக்கு அடியில் படுப்பான். கார் கிளப்பில் எல்லாருக்கும் கிளட்ச் சரிசெய்து கொடுப்பவன் அவன்தான். மெரில் உள்ளே உட்கார்ந்து மிதிப்பாள்.

"மிதி! அப்படியே பிடி! குழாய்த் திருகைத் திறந்துட்டேன். விடு! ம், மூடியாச்சு. எப்படி இருக்கு?"

"அதே மாதிரிதான், கிளைவ்."

"உன் மிதி அப்படி. உங்கக்கா எங்கயும் ஓடிட மாட்டா."

செவ்வாய்க்கிழமை அக்கா இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு அழைத்துப்போக அக்கா மகன் ஹியூ வந்தான். "அம்மா கடைசிவரைக்கும் உங்களத்தான் கேட்டாங்க, சித்தி" என்றவன், கார் ஓடாத விஷயத்தைக் கேட்டதும் அதற்கு அடியில் நுழைந்தான்.

"மிதிங்க. பிடிங்க. திறந்துட்டேன்."

பழக்கத்தில் மெரில் காலைத் தூக்கப் போனாள்.

"ஐயோ, விட்டுடாதீங்க! நான் மூடின பிறகுதான் விடணும். முன்னாடியே விட்டா காத்து திரும்ப உள்ள போயிடும். சித்தப்பா சொல்லலியா? எனக்கே அவருதான் கத்துக்கொடுத்தாரு."

சற்று நேரத்தில் பெடல் காலடியில் கெட்டியாக எதிர்த்து நின்றது. ஹியூ வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

கறுப்பு டையைச் சரிசெய்தபடி கிளைவ் வாசலுக்கு வந்தான். "என்ன, காலுக்குப் பலம் வந்துடுச்சா?"

மெரில் கியரைப் போட்டாள். அவனை வாசலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள்.